மூடும் வரிக்கு எதற்கு மொழி?

கணினிக் கையேடுகளைச் சரிபார்க்க அந்த அலுவலகத்தில் ஒரு மென்பொருள் இருந்தது. அதற்கு எல்லோரும் வைத்த பெயர் மாமியார். செய்தாலும் குற்றம், செய்யாவிட்டாலும் குற்றம்.

கையேட்டில் கட்டளை வரும் இடமெல்லாம் ஒரு சாம்பல் பெட்டி. பெட்டியைத் திறக்கும் வரியில் ஒரு குறியும் நிரல்மொழியின் பெயரும் இருக்க வேண்டும். மூடும் வரியில் வெறும் அந்தக் குறி போதும். மாமியாருக்கு இரண்டும் ஒன்றுதான். மூடும் வரியைக் கண்டாலும் "மொழி எங்கே?" என்று சிவப்பில் கத்தும்.

கையேடு எழுதும் பெண் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மேலாளர் போட்டுக்கொண்டார். திரை பச்சையானால் போதும். பக்கத்தைப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது. அவள் சாப்பிடப் போன நேரத்தில் மூடும் வரிகளிலெல்லாம் மொழியை எழுதிப் பக்கத்தை வெளியிட்டும் விட்டார்.

"பாத்தியாம்மா? எல்லாம் பச்சை! இதுக்கா இவ்வளவு நாள் முனகுனே?"

"சார், அப்படி எழுதினா பெட்டி மூடாது. கீழ இருக்கறதெல்லாம் உள்ள போயிடும்."

"உள்ளதானே இருக்கு? ஓடியா போயிடும்?"

அவள் பக்கத்தைத் திறந்தாள். நகலெடுக்கும் கட்டளை, 'நகல் முடிந்த பிறகே மேலே செல்லவும்' என்ற எச்சரிக்கை, பழைய பதிவுகளை அழிக்கும் கட்டளை, எல்லாம் ஒரே பெட்டிக்குள் கட்டிப்பிடித்துக் கிடந்தன. இந்தப் பக்கத்தை வைத்துத்தான் இன்று ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளைப் புதிய கணினிக்கு மாற்றப் போகிறார்கள். போயிருப்பவர் அவள் கணவர். பெட்டியில் இருப்பதை அப்படியே வாரி ஒட்டும் ஆள். அவசரத்தில் சட்டைப் பொத்தானைக்கூட ஒன்று விட்டு ஒன்றுதான் போடுவார்.

போன் செய்தாள். எடுக்கவில்லை.

பழையபடி திருத்தினாள். திரை சிவந்தது. சிவப்பில் வெளியிட மேலாளரின் ஒப்புதல் வேண்டும்.

"சிவப்புக்கெல்லாம் நான் ஒத்துக்க மாட்டேன்."

"சரி சார். உங்க பச்சைப் பக்கத்தை நம்ம சோதனைக் கணினியில நீங்களே ஒட்டிப் பாருங்க."

வீராப்பாக ஒட்டினார். நகல் மூச்சு விடுவதற்குள் அழிப்பு வேலையை முடித்துவிட்டது. அவர் ஆசையாகச் சேர்த்த மாதிரிப் பதிவுகள் துடைத்தெடுத்தாற்போல் போயின.

"யாரு இதை இப்படி எழுதினது?" என்று சீறினார்.

அவள் அவரையே பார்த்தாள். ஒப்புதல் வந்தது. மூடும் வரிகளைச் சோதிக்காதே என்று மாமியாருக்கு விலக்கு எழுதி, காரணத்தையும் சேர்த்து, பக்கத்தை மீண்டும் வெளியிட்டாள்.

போன் அடித்தது. கணவர்.

"என்னம்மா கூப்பிட்டே? இங்க இப்பத்தான் சிக்னல் வந்துது, பக்கத்தைத் திறந்து ஆரம்பிச்சேன். நகல் நத்தை மாதிரி போகுது. அடுத்த பெட்டிக்குப் போயிடவா?"

"அடுத்த பெட்டின்னு தனியா தெரியுதா?"

"தெரியுதே. நடுவுல என்னவோ எழுதியிருக்கே நீ."

"அதைப் படிங்க. சத்தமா."

முணுமுணுத்துக்கொண்டே அவர் படிக்க, அவள் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.