பன்னிரண்டு மணிச் சங்கு

எழுந்தான். பல் விளக்கினான். கொடியில் தொங்கிய நேற்றைய சட்டையையே எடுத்து மாட்டிக்கொண்டான். பாலத்துக்குப் போய், தூணில் வரைந்திருந்த அளவுக்கோட்டைப் பார்த்தான். நகராட்சிக் கட்டடத்தின் படியேறி, கோபுர அறையைத் திறந்தான். அபாயச் சங்கின் வாய்க்குள் புறா குச்சி சேர்த்து வைத்திருந்தது. எடுத்துப் போட்டான். பேட்டரியைப் பார்த்தான். மலையடியில் இருக்கும் மேல்மடைக் காவலாளிக்குப் போன் செய்தான்.

"எவ்வளவு?"

"கணுக்கால்."

"மேகம்?"

"மலைப்பக்கம் சும்மா ஒண்ணு ரெண்டு. சாப்பிட்டீங்களா?"

"ம்."

சாப்பிடவில்லை. வாசலில் தொங்கிய கரும்பலகையில் 'கணுக்கால்' என்று எழுதினான். மீட்டர் கணக்கு இந்த ஊருக்கு ஏறாது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து என்றால்தான் புரியும். எழுத்து கோணிக்கொண்டது. திருத்தவில்லை. பதினொரு மணிக்குக் கூட்டம் இருந்தது.

அடி வாங்கிப் பழகிய ஊர் அது. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் ஆறு, நடுவில் மாட்டிக்கொண்ட தெருக்கள். முதல் வெள்ளம் சந்தையை வாரிக்கொண்டு போனது, சந்தையை மேடாக்கினார்கள். அடுத்து மலை சரிந்தது. சரிவுக்குக் கம்பிவலை போட்டார்கள். புயல் வந்து கூரைகளைப் பிய்த்தெறிந்தது. கூரைகளை இழுத்துக் கட்டினார்கள். அடிபட்ட இடத்தில் கட்டுப் போடுவார்கள். அடுத்த அடி வேறு இடத்தில் விழும். கடைசியில் அலுத்துப்போய், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சங்கு வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள, மழையையும் ஆற்றையும் பற்றிக் கல்லூரியில் படித்தவன் என்று இவனை நியமித்தார்கள். ஊர் அவனைச் சங்குக்காரன் என்றது. அவன் மனைவிக்கு அதில் ஒரே சிரிப்பு.

சங்கு பழுதாகாமல் இருக்க வெள்ளிதோறும் பகல் பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் ஊதிப் பார்ப்பது வழக்கம். போகப்போக அதுவே ஊரின் கடிகாரம் ஆயிற்று. சங்கு ஊதினால் கடைக்காரர் கதவைச் சாத்துவார். கொத்தனார் கரண்டியைக் கழுவுவார். தூங்குகிற குழந்தை புரண்டுகூடப் படுக்காது.

கடைசியாக வெள்ளம் வந்த வெள்ளிக்கிழமை ஊரில் வெயில் கொளுத்தியது. மழை மலைக்கு அப்பால் கொட்டியிருந்தது. காவலாளி போனில் "கழுத்து! கழுத்து!" என்று கத்தியபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. அவன் விசையை அழுத்தினான். விட்டால் சங்கு நின்றுவிடும். நின்றால் வழக்கமான சோதனை முடிந்தது என்று ஆகிவிடும். விடாமல் அழுத்திக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தான். ஊர் கதவைச் சாத்தி, கைகழுவி, சாப்பிட உட்கார்ந்தது.

அப்போதுதான் ஆற்றோரத் தெரு வீட்டிலிருந்து அவன் மனைவி போனில் கூப்பிட்டாள். அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. தலைக்கு மேல் சங்கு அலறியதில் அவன் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் வைத்துவிட்டாள். ஒரு கையால் விசையை அழுத்தியபடி மறு கையால் திருப்பிக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அதன்பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில், அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று யாரோ கேட்டதற்கு, அவள் அம்மா சொன்னாள்: "'என்னை விடுங்க, ஊரைக் காப்பாத்துங்க'ன்னு சொன்னாளாம்." அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான். மறுக்கத் தெம்பில்லை. பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. அவள் அப்படிச் சொல்லவில்லை.

கூட்டத்தில் மேஜைமேல் ஒரு கல் கிடந்தது. கோபுரத்தடியில் பதிக்கப்போகிற கல். அந்த வாக்கியத்தை அதில் வெட்டியிருந்தார்கள். அவள் அம்மா, அவனுடைய அத்தை, முதல் வரிசையில் இருந்தாள்.

"வெள்ளத்துக்கு அப்புறம் சங்கு நின்னதுல இருந்து எனக்கு நேரத்துக்குப் பசியே எடுக்க மாட்டேங்குது, தலைவரே" என்றார் தையல்காரர்.

"உமக்கா? பட்டன் தைக்கிறப்பவே எதையாவது மென்னுக்கிட்டுதானய்யா இருப்பீர்!" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

நகராட்சித் தலைவரும் சிரித்தார். "சரி சரி. வர்ற வெள்ளிக்கிழமை கல்லைத் திறக்கிறோம். பன்னிரண்டு மணிக்குச் சங்கு. இனிமே வாராவாரம் பழையபடி. என்ன தம்பி?"

"பன்னிரண்டுக்கு வேண்டாம்" என்றான்.

"ஏன்? அன்னைக்குச் சங்கு ஒழுங்காத்தானே ஊதுச்சு? தண்ணி அவ்வளவு வேகமா வந்தா யாரு என்ன பண்ண முடியும்?"

"வேகமா வரல. அரை மணி நேரம் இருந்துச்சு."

சிரிப்பு நின்றது.

"நான் ஜன்னல்ல பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எல்லாரும் சாப்பிட உட்காந்தீங்க. மறுபடி பன்னிரண்டுக்கு ஊதிப் பழக்கினா, மறுபடியும் அதேதான்."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நிக்காம ஊதுச்சு தம்பி. விசை மாட்டிக்கிச்சுன்னு நெனச்சோம். கிண்டல்கூடப் பண்ணோம்."

தலைவர் விடவில்லை. "பெத்தவங்கள வச்சுக்கிட்டு இதெல்லாம் பேசணுமா? உங்க வீட்டுக்காரிக்குப் புரிஞ்சுதே. ஆபத்துன்னு தெரிஞ்சுதானே அப்படிச் சொல்லியிருக்கு? சங்கு மேல குத்தம் இல்லைன்னு இந்தக் கல்லே சொல்லுதே!"

அவன் கல்லைப் பார்த்தான். அந்த வாக்கியம் கல்லில் இருக்கும்வரை சங்கு பன்னிரண்டுக்குத்தான் ஊதும். அதைப் பிடுங்கினால் அத்தையிடம் வேறு எதுவும் மிஞ்சாது.

அத்தை எழுந்து வந்தாள். வெட்டிய எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"மாப்பிள்ளை, அவ போன் பண்ணது நெசந்தானே?"

"நெசந்தான் அத்தை."

"என்ன சொன்னான்னு நீங்க ஒரு நாளும் வாயத் திறக்கல. நானும் கேக்கல. கேட்டா என் பேச்சு பொய்யாயிடும்னு பயம்."

"வேண்டாம் அத்தை. அது பெரிய பேச்சு ஒண்ணும் இல்ல."

"பெரிய பேச்சு நான் போட்டது. கல்லு கெடக்கட்டும். என் பொண்ணு பேசினது எனக்கு வேணும். சொல்லுங்க."

அவன் யாரையும் பார்க்காமல், அவள் சொன்னபடியே சொன்னான்.

"என்னங்க, உங்க சங்கு இன்னைக்கு நிக்கவே மாட்டேங்குது, ஒண்ணும் கேக்கல. வெயில் போறதுக்குள்ள துணியக் காயப்போட்டுட்டுக் கூப்பிடறேன்."