லிஃப்ட் மெக்கானிக்கின் பதினைந்து பிறந்தநாள்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த ஒரே வருஷத்தில் பதினைந்து பிறந்தநாள் வந்தது; பதினைந்துக்கும் வயது கூடியது. ஜனவரியில் நாற்பத்தொன்றாக இருந்தவர் டிசம்பரில் ஐம்பத்தாறு ஆகிவிட்டார். இதை முதலில் கவனித்தவள் அவர் மனைவி. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவளுக்கு. ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவையாகக் கணவருக்குப் பவர் ஏற்றிக் கொடுத்தபோது, "என்னங்க, உங்க கண்ணுக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்று கேட்டாள். பிரேக் தேய்கிற மாதிரி கண்ணும் தேயத்தானே செய்யும் என்று மனுஷர் சிரித்து மழுப்பினார். தலை நரைத்ததற்கு மெஷின் ரூம் தூசி மேல் பழி போட்டார். மாடிப்படியில் மூச்சு வாங்கியபோதுதான் அவருக்கே கொஞ்சம் உறைத்தது, ஏனென்றால் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் படியேறித்தான் போயாக வேண்டும். அந்த வாரமே பள்ளிக்கூடக் காவலாளி அவர்களுடைய பத்து வயது மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, உங்க தாத்தா வந்திருக்காரு" என்றான்.

காரணம் அவருடைய ஜாக்கிரதைதான். வீட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறவர், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். இணையத்தில் சாமான் வாங்கப்போன இடத்தில் கடைகள் பிறந்த தேதி கேட்டன. உண்மைத் தேதி திருடன் எவன் கையிலாவது சிக்கிவிடும் என்று பயந்து, ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு பொய்த் தேதியாகப் பதினான்கு கடைகளுக்குக் கொடுத்தார். செருப்புக் கடைக்கு மார்ச், தலையணைக் கடைக்கு ஜூன். மறந்துபோகக் கூடாதென்று, லிஃப்டுக்கு எண்ணெய் விட்ட நாள்களைக் குறிக்கிற பராமரிப்பு அட்டை ஒன்றில் அத்தனையையும் வரிசையாக எழுதியும் வைத்தார். கடைகள் நாணயமானவை. தேதி தவறாமல், பிறந்தநாள் வாழ்த்து, இன்று மட்டும் உங்களுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி என்று மின்னஞ்சல் அனுப்பின. மின்னஞ்சல் வந்து விழுந்த நிமிஷம் அவருக்கு ஒரு வயது ஏறியது. மனைவி அந்த அட்டையையும் அவருடைய ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு தேதிகூடப் பிசகவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். முதலில், வருவதைத் திறக்காமலே அழித்தார்கள், வயது கூடியது. ஸ்பாமுக்குத் தள்ளினார்கள்; அங்கே போய் விழுந்த வாழ்த்தும் வாழ்த்துதான் என்று தெரிந்தது. புது வருஷம் பிறந்ததும் மனைவி தன் கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து, ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் எறும்பு மாதிரி கிடந்த சாம்பல் நிற எழுத்தைத் தேடிப் பிடித்து, இனி அனுப்ப வேண்டாம் என்று அழுத்தினாள். பெயரை நீக்கப் பத்து வேலை நாள் ஆகும் என்று கடைகள் பணிவாகப் பதில் சொல்லின. அந்தப் பத்து நாளுக்குள் இரண்டு வாழ்த்து நுழைந்துவிட்டது. காலுறைக் கடை கடவுச்சொல் கேட்டது. புதுக் கடவுச்சொல் வாங்கினால் அந்தச் சாக்கில் மறுபடியும் பெயரைச் சேர்த்துக்கொண்டது. நான்கு முறை மல்லுக்கட்டி அதையும் மூடுவதற்குள் இன்னொரு வயது போயிற்று. கடைசிக் கடையும் அடங்கியபோது அவருக்கு ஐம்பத்தொன்பது, அவளுக்கு முப்பத்தொன்பது. விற்ற பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்கிற கடைகள் ஏற்றிய வயதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனிக் கோப்பில் மெக்கானிக்குக்கு நாற்பத்திரண்டுதான் என்பதால் ஓய்வும் கொடுக்கவில்லை. முழங்கால் தைலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனார்.

கல்யாணம் ஆனபோது இரண்டு பேருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். இப்போது இருபது. அவர் அசந்து தூங்குகிற ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மனுஷர் முந்திக்கொண்டு போய்விடுவார், நான் அப்புறம் இருபது வருஷம் யாரோடு சண்டை போடுவது என்று நினைத்தாள். அவள் அதுவரை எந்தக் கடையிலும் பெயர் கொடுக்காதவள், மின்னஞ்சல் முகவரிகூட இல்லாதவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு முகவரி உண்டாக்கிக்கொண்டு, ஃபோனும் கையுமாக உட்கார்ந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"குடை வாங்கறேன்."

"வீட்ல நாலு குடை இருக்கே."

எட்டிப் பார்த்தார். பிறந்த தேதி என்ற கட்டத்தில் அவள் பிறக்காத ஒரு தேதி இருந்தது. அவளிடம் அவர் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். "பைத்தியமா உனக்கு? நீயாவது இளசா இரு."

"யாருக்காக?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரே அடியா எல்லாக் கடையிலயும் குடுத்துட்டியா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

"ஒரே ஒரு கடைதான். பாப்பாவுக்கு அம்மா வேணும்ல. மெதுவாவே வர்றேன், நீங்க அதுவரைக்கும் இருங்க."

அவர் ஃபோனை வாங்கி, தேதியை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, பொத்தானைத் தானே அழுத்தினார். கண் கலங்கியதற்குப் புதுக் கண்ணாடி என்று சொன்னார்.

அன்றிலிருந்து அவருக்கு வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள், அவளுக்கு இரண்டு. குடைக் கடை இரண்டு முறை கைமாறியது, மழைக் கோட்டு விற்றது, அப்புறம் திரைச்சீலை விற்றது. வாழ்த்து மட்டும் நிற்கவில்லை. தன் லென்ஸைத் தானே தேய்த்துக்கொண்டாள். மகள் படித்து, வேலைக்குப் போய், அம்மாவுக்குத் தலை சாயம் வாங்கி வந்து திட்டு வாங்கினாள். பதினேழாவது வருஷம் அவருக்கு எழுபத்தாறும் அவளுக்கு எழுபத்து மூன்றும் ஆனது. அந்த வாழ்த்து வந்த காலையிலேயே அவள் சாம்பல் நிற எழுத்தைத் தேடி அழுத்தினாள். ஏன் விலகுகிறீர்கள் என்று கடை கேட்டது. மின்னஞ்சல்கள் அதிகம், பொருள்கள் பிடிக்கவில்லை என்று நாலைந்து காரணங்கள் வரிசையாக இருந்தன. அவள் எல்லாவற்றையும் தாண்டிப் போய், வேறு காரணம் என்ற இடத்தில், "வந்து சேர்ந்துட்டேன்" என்று எழுதினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள்தான்.