ஒரு வெளிச்சத்தை மூடியவள்

சின்னவள் வந்து அண்ணனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது நள்ளிரவு தாண்டி மணி இரண்டு. தன் கையும் காலும் வேறு யாருடையதோ போல இருந்தன அவளுக்கு.

"உனக்குத் தூக்கம் வரலைன்னா என் தூக்கத்தையும் கெடுக்கணுமா, குட்டிப் பிசாசே?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனாள்.

அம்மாவுக்கு விண்வெளி வானிலை மையத்தில் வேலை. பூமியைச் சுற்றியிருக்கும் காந்தக் கவசத்தில் சூரியக் காற்று மோதும் இடம் எக்ஸ்ரே ஒளியில் மங்கலாக மின்னும். தொலைவில் நிற்கும் ஒரு செயற்கைக்கோள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படம் பிடித்து அனுப்பும். குறுக்கே தெரியும் நட்சத்திரங்களை வட்டம் போட்டு மூடிவிட்டு, மிச்ச ஒளியை வைத்துக் கவசத்தின் விளிம்பைக் கோடாக வரைவார் அம்மா. கோடு பூமியை நோக்கி நகர்ந்தால் காந்தப் புயல்; மின்மாற்றிகளையே எரித்துவிடக்கூடியது. மின்வாரியத்துக்கு உடனே எச்சரிக்கை போக வேண்டும்.

நேற்று மாலை அம்மாவுக்கு வீட்டிலிருந்தே பணி. ஒற்றைத் தலைவலி அவரைப் புரட்டி எடுத்தது. கால் மணி நேரம் நட்சத்திரங்களை மட்டும் மூடும்படி இவளிடம் சொல்லிவிட்டு, கண்ணில் ஈரத்துணியோடு படுத்துவிட்டார். வெளியாள் கை வைக்கவே கூடாது. ஆனால் இவள் எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். நட்சத்திரப் பட்டியலில் இல்லாத ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதையும் நட்சத்திரம் என்றே மூடினாள். உண்மையில் அது, உள்ளே நகர்ந்து வந்துவிட்ட விளிம்பின் ஒரு பகுதி. எழுந்து வந்த அம்மா கோட்டைப் பழைய இடத்திலேயே வரைந்தார். பூமியில் இருக்கும் காந்த அளவுக் கருவிகளின் முள் ஆடிய பிறகுதான் புயல் வந்தது தெரிந்தது. அதற்குள் ஊரின் கிழக்கே பெரிய மின்மாற்றி ஒன்று எரிந்துபோனது. தன் கண்தான் ஏமாற்றிவிட்டது என்று மையத்தில் சொல்லிவிட்டார் அம்மா.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். "அந்த வட்டத்த எடுத்துட்டியா?"

"இல்ல."

ஒருமுறை போட்ட வட்டம், யாராவது எடுக்கும்வரை அடுத்தடுத்த படங்களிலும் அப்படியே இருக்கும். விடிவதற்குள் இரண்டாவது புயல் வரலாம் என்று சாப்பிடும்போது அம்மாவே சொல்லியிருந்தார். இரவுப் பணியில் இருப்பவரோ, அம்மா போட்ட வட்டம் என்று நம்பித் தொடமாட்டார்.

"சொன்னா அம்மா வேலை போயிடும்ணா."

"இன்னொண்ணு எரிஞ்சா?"

இருவரும் அம்மாவின் அறைக்குப் போனார்கள். அவர் விழித்துத்தான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. படத்தில் எந்தப் பக்கம் என்று மட்டும் விசாரித்தார். வலது ஓரம், சற்று மேலே என்றாள். அம்மா போனை எடுத்து மையத்தை அழைத்தார்.

"வலது பக்கத்துல இருக்கிற வட்டத்த எடுத்துடுங்க. இல்ல, நான் போடல. என் பொண்ணு போட்டா. நான்தான் அவகிட்டக் கொடுத்துட்டுப் படுத்தேன்."

அடுத்த படம் வரும்வரை அம்மா போனைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு போனில் ஏதோ குரல் கேட்டது. அம்மா "சரி, சரி" என்றார்.

விளிம்பு மறுபடி உள்ளே வந்திருக்கிறது, மின்வாரியத்துக்கு எச்சரிக்கை அனுப்பிவிட்டார்கள் என்றார். காலை ஒன்பது மணிக்கு அம்மாவையும் சின்னவளையும் மையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

சின்னவள் தலையாட்டினாள். பள்ளிக்கு லீவு சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது.