அசோக்கின் நாக்கு

அசோக் குடிக்கவில்லை. கிளாஸைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தான், மூக்கருகே கொண்டுபோனான், பிறகு கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுபடி இந்தப் பக்கம் வந்தபோது கிளாஸ் காலி.

"நல்லா இருக்கு லா. பாட்டில்ல அடைச்சிடலாம்" என்றான். உதடு காய்ந்து கிடந்தது. ஒயின் பட்ட உதடு அப்படியா இருக்கும்?

வித்யா கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வான். சந்தேகம் வந்துவிட்டால் அவளுக்குள் இருக்கும் விஞ்ஞானி விழித்துக்கொள்வாள். ஆதாரம் சேரும்வரை வாயைத் திறக்க மாட்டாள்.

படித்தது நுண்ணுயிரியல். கூடப் படித்தவர்கள் ஆஸ்பத்திரி லேபுக்குப் போனபோது இவள் ஒரு சோயா சாஸ் கம்பெனி லேபில் பூஞ்சைகளோடு குப்பை கொட்டினாள். பக்கத்து மேசையில் அசோக். பிறகு ஆஸ்திரேலியாவுக்கு, ஒரு ஒயின் ஆலையில் தொட்டி கழுவப் போனாள். "இதுக்கா டிகிரி வாங்கினே?" என்று அம்மா மங்களம் போனில் அழுதாள். தொட்டி கழுவியபடியே தொழிலைக் கற்றுக்கொண்டவள், திரும்பி வந்து உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு மாடியைப் பிடித்தாள். ஜோகூர் அன்னாசியில் ஒயின் போட்டாள். அசோக்கைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாள். பத்திரிகையில் படம் வந்தது. மூக்கால் ஜெயித்த பெண் என்று ஒரு புண்ணியவான் எழுதினார்.

அந்த மூக்குதான் போய்விட்டது. கோவிட் வந்துபோனபோது வாசனையையும் எடுத்துக்கொண்டு போனது. இனிப்பு, புளிப்பு, கசப்பு தெரியும். அதற்கு மேல் ஒயின் அவளுக்கு வெறும் கலர் தண்ணீர். இது அசோக் ஒருவனுக்கு மட்டும் தெரியும். அன்றிலிருந்து எந்தத் தொட்டி நல்லது, எது கெட்டது என்று சொல்வது அவன் நாக்குதான். விஷயம் வெளியே போனால், மூக்கில்லாத ஒயின்காரியிடம் யார் வாங்குவார்கள்?

அவன் கைவிட்டால் அவள் தொலைந்தாள். இந்த நேரம் பார்த்து ஜோகூரில் எவரோ புதிதாக ஒயின் ஆலை தொடங்குவதாகப் பேச்சு அடிபட்டது. கோழிச்சோறு என்றால் உயிரை விடும் அசோக், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளோடு வருவதையே நிறுத்திவிட்டான். ஒருநாள் படிக்கட்டில் நின்று போனில் கிசுகிசுத்தான்: "வித்யாவுக்குத் தெரிய வேணாம். தை வரைக்கும் சமாளிச்சிடுவேன்."

முதன்முறையாக ஒரு பெரிய ஹோட்டல், சீனப் புத்தாண்டு விருந்துகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. கெட்ட சரக்கை நல்லது என்று சொல்லி அனுப்பவைத்து, அவள் பெயரைக் கெடுத்துவிட்டு ஜோகூர்க்காரனிடம் போய்ச் சேருவதுதான் திட்டமோ?

லாரி ஹோட்டலுக்குப் புறப்பட்ட அன்று, "கேலாங் போறேன், மூடி வாங்கணும்" என்று கிளம்பினான். அதே சரக்கில் ஒரு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு அவளும் கிளம்பினாள். வெளி லேபில் கொடுத்துச் சோதிக்கலாம் என்று நினைப்பு. ரயிலில் அவனுக்குப் பின்பெட்டியில் ஏறினாள். அவன் லிட்டில் இந்தியாவில் இறங்கினான். பார்த்தாயா, என்றது மனசு.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைக்குள் நுழைந்தான். ஜோகூர்க்காரனை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தாள். கடைக்காரர் அசோக்கின் தோளில் காவடியை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கழுத்தில் ருத்ராட்ச மாலை.

"கேலாங் எப்போ இங்க வந்துச்சு?" என்றாள்.

அசோக் திடுக்கிட்டுப்போய் அவளைப் பின்சந்துக்கு அழைத்துப் போனான். "ஹோட்டல் ஆர்டர் கெடைச்சா தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். கெடைச்சிடுச்சு. போன மாசத்துலேருந்து விரதம்."

"அப்ப டேஸ்ட் பாத்தது?"

"மோந்து மட்டும்தான் பாத்தேன்."

"வாயில வச்சுத் துப்பியிருக்கலாம்ல?"

"நாக்குல பட்டா பட்டதுதானே. சொன்னா நீ பயந்துடுவே, இல்லாட்டி சிரிப்பே. உன்கிட்ட மூச்சு விடாதீங்கன்னு எங்கம்மாகிட்டகூட சொல்லி வச்சிருக்கேன்."

ஒயின் வியாபாரம் நன்றாக நடக்க, ஒயினைத் தொட மாட்டேன் என்று முருகனிடம் வேண்டுதல்! சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. அவன் பின்னாலேயே திருடனைப் போல வந்ததை நினைத்து வெட்கம் பிடுங்கியது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பயம் முன்னால் வந்தது. சில கெடுதல்கள் முகர்ந்தால் தெரியாது. எச்சில் பட்ட பிறகுதான் எலி வாடை போல ஒன்று வாய்க்குள் கிளம்பும். இது இருவருக்குமே தெரியும். ஹோட்டலில் முதல் விருந்து அன்றைக்குத்தான்.

பாட்டிலை எடுத்தாள். அவன் கழுத்து மாலையைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள். "நீ குடிக்க வேணாம். நான் பாத்துக்கறேன்." பாட்டிலை அவன் கையில் திணித்துவிட்டு, தெருமுனைக்குப் போய் ஹோட்டலுக்குப் போன் போட்டாள். பானப் பிரிவு மேலாளர் சிவானி எடுத்தாள்.

"இன்னைக்கு நம்ம ஒயினை ஊத்தாதீங்க. டேஸ்ட் பாக்காம அனுப்பிட்டோம்."

"நீங்க பாக்கலையா மேடம்?"

பழியை அசோக் தலையில் போட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "என்னால பாக்க முடியாது. கோவிட்லேருந்து எனக்கு வாசனையே தெரியாது" என்றாள்.

"ஓகே மேடம், எடுத்துடறோம். அடுத்த ஆர்டர் பத்தி நாங்களே கூப்பிடுறோம்." இப்படிச் சொன்னவர்கள் திரும்பக் கூப்பிட்டதாக அவளுக்கு ஞாபகமில்லை.

சந்துக்குத் திரும்பினாள். அசோக் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். மாலையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். பாட்டில் மூடி திறந்திருந்தது. கண் கலங்கியிருந்தாலும் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"ஒரு குறையும் இல்ல வித்யா. நம்ம போட்டதுலயே இதான் பெஸ்ட். தைரியமா ஊத்தச் சொல்லு" என்றான். அவள் கையிலிருந்த போனை அப்போதுதான் கவனித்தான்.

"யாருகிட்ட பேசிட்டு வர்றே?"