விசாரணைக்கு ஒரு பொன்னாடை

டாக்டர் பரணிதரனை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். மருத்துவர் சங்கக் கட்டடத்தில் தளம் ஒழுகிக்கொண்டிருந்ததால் விசாரணை கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டபம் சங்கத் தலைவரின் மாப்பிள்ளைக்குச் சொந்தம். முதல் நாள்தான் அங்கே முகூர்த்தம் முடிந்திருந்தது. மேடைச் சுவரில் மணமக்கள் பெயர் தெர்மோகோல் எழுத்தில் அப்படியே இருந்தது. அதன் கீழே மூன்று நாற்காலி, எதிரே ஒன்று. எதிரே இருந்தது பரணிதரனுக்கு.

சங்கத்தின் மேலாளர் உபைதுல்லாவுக்கு ஒரு கொள்கை உண்டு. மேடை ஏறியவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். ரத்ததான முகாமோ கொசு ஒழிப்புக் கருத்தரங்கமோ அவருக்கு ஒன்றுதான். ஒரு இரங்கல் கூட்டத்தில் இறந்தவரின் படத்துக்கே போர்த்தியவர். குழுவினர் மூவருக்கும் போர்த்திவிட்டு, நாலாவதை விரித்துக்கொண்டு பரணிதரனிடம் வந்தார்.

"எனக்கு வேணாம் பாய். என்னைத்தான் விசாரிக்கிறாங்க."

"அதனால என்னங்க டாக்டர். மேடைக்கு வந்துட்டீங்கல்ல. உங்களை மட்டும் விட்டா நல்லா இருக்காது."

போர்த்திவிட்டுக் கையும் தட்டினார். பழக்க தோஷத்தில் குழுவும் தட்டியது.

பரணிதரன் மயக்க மருந்து டாக்டர். ஐம்பதை நெருங்குகிறார். சுற்று வட்டாரத்தில் கைராசிக்காரர் என்று பெயர். இரண்டு வருஷமாக நோயாளிகளுக்கு எழுதும் ஃபென்டானில் என்ற வலி மருந்தில் ஒரு பங்கு அவர் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. விட முயன்று பார்த்திருந்தார். லீவு போட்டார், கோயிலுக்கு மாலை போட்டார், ஒன்றும் நிற்கவில்லை. மருந்து அலமாரியின் சாவி அவரிடம், அதைக் கண்காணிக்கும் பொறுப்பும் அவரிடம். அவர் ஒருவர்தான் அந்த ஆஸ்பத்திரியில் அவ்வளவு நம்பிக்கையானவர்.

போன மாதம் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் அமிர்தம், உடை மாற்றும் அறையில் அவர் ஊசியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் புகார் எழுதிக் கொடுத்தாள். அன்று ராத்திரி பரணிதரன் வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். இனிமேல் யாராவது தடுத்துவிடுவார்கள் என்ற நிம்மதி. விசாரணைக்கு மறுநாள் காலை பூவிழி என்ற பெண்ணுக்குப் பிரசவ ஆபரேஷன் இருந்தது. அதற்கு முன்னால் தன்னைத் தியேட்டருக்குள் விடக் கூடாது என்று இவர்கள் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். முதுகு வலி என்று சொல்லித் தொலைக்கும்படி மனைவி மாலதி சொல்லி அனுப்பியிருந்தாள்.

தலைவர் டாக்டர் சாரங்கபாணி மைக்கை இழுத்துக்கொண்டார். மண்டபத்தில் இருந்தது ஐந்து பேர். ஆனாலும் மைக் இல்லாமல் அவருக்குக் குரல் வராது.

"மருத்துவம் என்பது தொழில் அல்ல, தவம்" என்று தொடங்கினார். தவம் வெகு நேரம் நடந்தது. கடைசியில் இறங்கி வந்தார். "தம்பி, அந்த அமிர்தம் சிஸ்டர் என்னமோ எழுதிக் குடுத்திருக்கு. அதுக்கு உங்க மேல என்ன கோபம்?"

"கோபம்லாம் இல்ல சார். எழுதினது உண்மை."

சாரங்கபாணி மைக்கைக் கையால் மூடினார். "எடுத்த எடுப்புலயே அப்படிச் சொல்லக் கூடாது தம்பி. விசாரணைன்னா ஒரு முறை இருக்குல்ல."

பக்கத்தில் இருந்த குழந்தை டாக்டர் ரெத்தினம் கைகொடுக்க முன்வந்தார். "உங்களுக்கு முதுகு வலி உண்டுல்ல?"

"இல்லைங்க சார்."

"இருக்கும். இந்த வயசுல யாருக்கு இல்ல. நாள் முழுக்க நின்னே வேலை பாக்குறீங்க."

"நான் உக்காந்துதான் பாக்குறேன்."

"உக்காந்தா இன்னும் மோசம்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

சாரங்கபாணிக்கு அது போதும். மேடைத் தமிழில் சொல்லச் சொல்ல ரெத்தினம் எழுதினார். "அயராத மக்கள் பணியின் விளைவாக ஏற்பட்ட தீராத முதுகு வலியின் பொருட்டு, தக்க மருத்துவ ஆலோசனையின் பேரில், சிறிதளவு மருந்தை..."

"யாரோட ஆலோசனைங்க சார்?" என்று மூன்றாவது நாற்காலியிலிருந்து கேள்வி வந்தது.

தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டராக இருக்கும் சுடர்விழி. வெளி ஆள் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்று விதி சொன்னதால் சேர்த்திருந்தார்கள். சின்னப் பெண், சபையில் பேசாது என்பது சாரங்கபாணியின் கணிப்பு. அவள் பொன்னாடையைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"அவரே டாக்டர்தானம்மா. அவருக்கு அவரே சொல்லிக்கிட்டாரு" என்றார் சாரங்கபாணி.

பரணிதரனுக்கு வியர்த்தது. உபைதுல்லா பொன்னாடையால் வந்த வியர்வை என்று நினைத்து ஃபேனைத் திருப்பி வைத்தார்.

"சார், தங்கமணின்னு ஒரு அம்மா" என்று பரணிதரன் மறுபடி தொடங்கினார். "கர்ப்பப்பை ஆபரேஷன். வலிக்குப் போட வேண்டிய மருந்தை நான் எடுத்துக்கிட்டேன். அவங்களுக்கு வெறும் உப்புத் தண்ணி. முழிச்சதும் அலறுனாங்க."

"அந்தம்மா என்கிட்ட வந்தாங்களே. வாழைத்தார் குடுத்து, கைராசி டாக்டரை ஒண்ணும் பண்ணிடாதீங்கன்னு அழுதுட்டுப் போனாங்க. அவங்களுக்கே புகார் இல்ல" என்றார் சாரங்கபாணி.

"அவங்களுக்குத் தெரியாது சார். ஆபரேஷன்னா அவ்வளவுதான் வலிக்கும்னு நெனச்சுக்கிட்டாங்க."

சாரங்கபாணி பெருமூச்சு விட்டார். ஒருவரைக் காப்பாற்றுவது இவ்வளவு சிரமமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "தம்பி, வர்ற மாசம் நம்ம ஊர்ல மாநில மாநாடு. அமைச்சர் வர்றாரு. இந்த நேரத்துல நீங்க இப்படி வெள்ளந்தியாப் பேசினா எப்படி?"

"சார்" என்றாள் சுடர்விழி. அவள் பார்த்தது பரணிதரனை. "கடைசியா எப்பப் போட்டீங்க?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. பரணிதரன் உடனே பதில் சொன்னார். "இன்னிக்குக் காலையில. வர்ற வழியில வண்டியை ஓரங்கட்டி."

குழுவுக்கு விருந்து தயாராகிக்கொண்டிருந்த சமையல்கட்டில் யாரோ அண்டாவை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"சாப்பாடு ஆறிடும்" என்றார் சாரங்கபாணி.

"இப்பவே டெஸ்ட்டுக்கு யூரின் எடுத்துடலாம் சார்."

"என்னம்மா பேசுற. ஒரு டாக்டரைப் போயி டம்ளர்ல ஒண்ணுக்குப் போகச் சொல்றதா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு இங்க இல்லையே சார்."

பரணிதரன் அதற்குள் எழுந்து நின்றிருந்தார். கோப்பைதான் இல்லை. உபைதுல்லா ஓடிப் போய்ப் பந்தியிலிருந்து பாயசக் கப் ஒன்றைக் கொண்டு வந்தார். "இது போதுமா, பெருசா வேணுமாங்க?" கூட ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று சுடர்விழி சொன்னாள். தலைவர் நாற்காலியை விட்டு எழவில்லை, ரெத்தினம் போனார். மணமகன் அறையின் கழிப்பறை வாசலில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சும்மா நிற்பது மரியாதையாக இருக்காது என்று பேச்சுக் கொடுத்தார்.

"உங்க பக்கம் சம்பா அறுத்தாச்சா?"

"ஆச்சுங்க."

"ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?"

"மழையில சாஞ்சிடுச்சு சார். பாதிதான்."

"எல்லா ஊர்லயும் அதே கதைதான்" என்று சொல்லி ரெத்தினம் உச்சுக் கொட்டினார்.

கப் மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. சாரங்கபாணி மைக்கைச் சற்று நகர்த்திக்கொண்டார். ஆயிரக்கணக்கில் வயிற்றைக் கிழித்துத் தைத்த அந்த சர்ஜன் கை, ஒரு பாயசக் கப்பைக் கண்டு மடியில் ஒதுங்கியது. சுடர்விழி தன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, அதில் ஊற்றி மூடினாள்.

"இது மெடிக்கல் கவுன்சில்ல நிக்காதும்மா" என்றார் ரெத்தினம்.

"தெரியும் சார். தஞ்சாவூர்ல முறையா வேற எடுத்துக்குவேன். இது நாம கண்ணை மூடிக்காம இருக்க." ஒரு தாளை எடுத்து, பரணிதரன் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதினாள். படித்துக் காட்டினாள். முதுகு அதில் எங்கும் வரவில்லை.

"குழுவோட முடிவு ஒருமனதா இருக்கணும்" என்றார் சாரங்கபாணி.

"ஒருமனதா இல்லைன்னு எழுதிக்குங்க சார். நான் தனியா அனுப்பிக்கிறேன்."

"தம்பி, அதுல கையெழுத்துப் போட்டா அப்புறம் வாசல்ல போர்டு மாட்ட முடியாது. தெரியும்ல?"

"அதுக்குத்தான் சார் வந்தேன்."

பேனா வழுக்கியது. விரல்களில் ஈரம். இரண்டாவது தடவையில் கையெழுத்து விழுந்தது. சாரங்கபாணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். "நாளன்னிக்கு என் ஆஸ்பத்திரியில ரெண்டு கேஸ் இருக்கு. நீங்க இல்லைன்னா யாருய்யா வருவா?" அன்று முழுக்க மைக் இல்லாமல் அவர் பேசிய உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான்.

சுடர்விழி பரணிதரனின் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து அமிர்தம் சிஸ்டரைக் கூப்பிட்டாள். பரணிதரன் கேட்டுக்கொண்டபடி, நாளைக்கு பூவிழி கேஸுக்கு வேறு டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். அலமாரிச் சாவியை உபைதுல்லா கொண்டு வருவார் என்றாள். பிறகு பரணிதரனிடம் கையை நீட்டினாள். அவர் அலமாரிச் சாவியோடு கார் சாவியையும் கொடுத்தார். குடி, மருந்துப் பழக்கத்திலிருந்து மீட்கும் அவளுடைய தஞ்சாவூர் வார்டில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. பந்தியில் இரண்டு இலை மிச்சமாகிவிட்டதே என்று உபைதுல்லா வாசல் வரைக்கும் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

தஞ்சாவூருக்கு அவளே காரை ஓட்டினாள். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். நெல் ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று முன்னேயும் பின்னேயும் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கேட்டில் அரை மணி நேரம் நின்றால் தாலுகாவில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். பரணிதரனுக்குக் கொட்டாவி வந்தது. மூக்கு ஒழுகியது. அது தூக்கத்துக்கான கொட்டாவி இல்லை, மருந்து கேட்கும் உடம்பின் கொட்டாவி என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"டீ குடிக்கிறீங்களா சார்?"

"வேணாம்மா. இறங்கினா ஓடிடுவேன்."

அவள் கதவுகளைப் பூட்டினாள். அப்போது கண்ணாடியை யாரோ தட்டினார்கள். தலைப்பாகையில் வைக்கோல் தூசியோடு ஒருவர், சிரித்த முகமாக நின்றார். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுவிட்டு வரும் இராஜாங்கம். பூவிழியின் அப்பா. பரணிதரன் கண்ணாடியை இறக்கினார்.

"டாக்டரய்யா, நாளைக்கு நம்ம பொண்ணுக்கு. நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா நெல்லு போடக் கெளம்பினேன்."

"நான் வரலைங்க. வேற டாக்டர் வருவாரு."

"ஏங்க, ஒடம்புக்கு என்ன?"

சொல்வதற்கு நாள் முழுக்க எத்தனையோ மரியாதையான வியாதிகளைக் கொடுத்திருந்தார்கள். பரணிதரன் களைத்துப் போயிருந்தார்.

"வலிக்குப் போடுற மருந்து இருக்குல்ல. அதை நான் போட்டுக்கிறேங்க. போதைக்கு. விட முடியல."

இராஜாங்கத்தின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. "போன வருஷம் என் மூத்த பொண்ணுக்கு நீங்கதான போட்டீங்க."

"ஆமாங்க."

"அப்பவுமா?"

"அப்பவும்தாங்க."

இராஜாங்கம் கண்ணாடி விளிம்பில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். பைக் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தார். போகும்போதே வீட்டுக்கு போன் போட்டார். "பூவிழியைக் கூட்டிக்கிட்டு ராத்திரியே தஞ்சாவூர் போயிடுவோம். ஆமா, இந்த ஆஸ்பத்திரியே வேணாம்" என்று சொன்னது காருக்குள் கேட்டது.

கேட் திறந்தது. இந்தப் பக்கத்து வண்டிகளும் அந்தப் பக்கத்து வண்டிகளும் ஒரே நேரத்தில் தண்டவாளத்துக்கு நடுவில் வந்து நின்றன. யாரும் நகர முடியவில்லை. எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.