ஸ்ட்ரௌட் பட்டறையின் முத்திரை

பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்காகப் புதுப்பித்துக் கொடுப்பது மூன்று தலைமுறையாக எங்கள் தொழில். எங்கள் பட்டறையை விட்டுப் போகும் ஒவ்வொன்றிலும், இடப்பக்கப் பிடிப்பலகைக்கு அடியில், ஸ்ட்ரௌட் என்ற குடும்பப் பெயரின் முதல் எழுத்தை அடித்து அனுப்புவோம். நாங்கள் புதுப்பித்ததை எவரும் போர்க்காலத்துக் கைபடாத சரக்கு என்று விற்றுவிடக் கூடாது. இது என் தகப்பனார் வைத்த விதி. ஒரே ஒரு முத்திரைதான். இரண்டு இடத்தில் அடிப்பவன் விளம்பரம் தேடுகிறவன் என்பார். நானும் அதை மீறியதில்லை.

சென்ற வசந்தத்தில் டல்சா நகரத் துப்பாக்கிச் சந்தையில் என் மகள் லோரீன் என் முழங்கையைத் தொட்டாள்.

"அப்பா, கெல்சோ மேசையைப் பாருங்க. அந்த நாப்பத்தஞ்சு கேலிபர் துப்பாக்கி நான் புதுப்பிச்சது."

வியாபாரி கெல்சோ அதை டேல் என்ற வெல்டர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். "கைபடாத சரக்கு தம்பி. பட்டாளத்துப் பெட்டியிலேர்ந்து எடுத்த மாதிரியே இருக்கு பாருங்க."

நான் நேராகப் போய் நின்றேன். "அது எங்க பட்டறையில புதுப்பிச்சது."

"பெரியவரே, கண்ணாடிய மாத்துங்க. ஊர்ல பளபளன்னு எது இருந்தாலும் உங்க வீட்டுதா?"

"பிடியக் கழட்டுங்க. எங்க முத்திரை இருக்கும்."

கெல்சோ கொஞ்சமும் தயங்காமல் திருப்புளியை எடுத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பலகை வந்தது. அடியில் வழவழப்பான இரும்பு மட்டும்தான். கூடியிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

"நாலு பேர் முன்னால என்னைத் திருடன்னு சொல்லிட்டீங்க. நாலு பேர் முன்னாலயே மன்னிப்புக் கேளுங்க," என்றார் கெல்சோ.

கேட்கத்தான் வேண்டும். ஆதாரம் இல்லாமல் பேசிவிட்டு நழுவுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. தொப்பியைக் கழற்றினேன்.

"இருங்கப்பா," என்றாள் லோரீன். "பிடிக்குப் பின்னால இருக்கிற இரும்புத் துண்டையும் கழட்டுங்க, கெல்சோ."

கெல்சோ அசையவில்லை. டேலே ஆணியைத் தள்ளி அதை உருவினார். உள்பக்கத்தில், கடுகளவில், எங்கள் எழுத்து இருந்தது.

"எப்ப அடிச்ச?" என்றேன்.

"நான் தனியா செஞ்ச எல்லாத்துலயும் உண்டு. மேல இருக்கறத யாராவது ராவி எடுத்துடுவாங்கன்னு எனக்கு எப்பவும் சந்தேகம். சொன்னா திட்டுவீங்க."

"திட்டத்தான் செய்வேன்."

"நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு," என்று கெல்சோ முனகினார். உண்மையாகவும் இருக்கலாம்.

டேல் துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏமாந்தவர் முகம் இல்லை அது. "இத்தன வருஷமா பழைய துப்பாக்கிகளப் பாக்கறேன், புதுப்பிச்சதுன்னு எனக்கே தெரியல. எங்க தாத்தாவோடது ஒண்ணு அலமாரியில துருப்பிடிச்சுக் கெடக்கு. அதுவும் இப்படி வருமாம்மா?"

"கொண்டு வாங்க. துருவ எடுத்துடலாம். அவர் கைபட்டுத் தேஞ்ச இடத்த மட்டும் அப்படியே விட்டுடறேன்."

அவர் தலையாட்டினார். பிறகு, எல்லா வாடிக்கையாளர்களையும் போல என் பக்கம் திரும்பி, எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்டார்.

நான் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

"வேலை அவளோடது. அவளக் கேளுங்க."