மூணாம் இலக்கச் சான்று

நான் தபால்காரன். பேர் றவூப். இருபத்திரண்டு வருசமா கல்முனைக் கடற்கரைப் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவன். எனக்கு வாய் நீளம், அதை விட நீளம் கோவம். ஆனா இந்தக் கதையில கோவிக்க ஆள் தேடினா, நான் கண்ணாடியைத்தான் பார்க்க வேணும்.

பனையடி ஒழுங்கை எண்டு ஒண்டு இரிந்திச்சு. சுனாமி அதை வழிச்சுத் துடைச்சிட்டுப் போயிட்டு. அதில குடியிரிந்த ஆமினா உம்மா, ஊர் முறைக்கு எனக்கு மாமி, அஞ்சு வருசமா தகரக் கொட்டில்ல கிடந்து வேகுறா. சண்டை முடிஞ்ச வருசம், மிச்ச வீடுகளையும் குடுக்கப் போறாங்க எண்டு கதை வந்திச்சு. பிரதேச செயலகக் கந்தோர் லிகிதர் கேட்டது ஒண்டுதான்: அந்த ஒழுங்கையில இரிந்ததுக்கு என்ன ஆதாரம்? காணி உறுதி, வரிச் சிட்டை எல்லாத்தையும் கடல் கொண்டு போயிட்டே. நான் என்ட தபால் கொப்பியைத் தூக்கிக் கொண்டு போனன். வீடு வீடா என்ட கையால எழுதினது. அவர் ரெண்டு பக்கம் புரட்டிட்டு, கையெழுத்துக் கொப்பியை ஆரும் எழுதலாம், அச்சில கொண்டாங்க எண்டார்.

இன்ரநெற் கடை ஷரிபுதீன்தான் வழி சொன்னான். விக்கிப்பீடியாவில ஆரும் எழுதலாம், ஆரும் திருத்தலாம்; ஒழுங்கையைப் பத்தி அதில ஒரு கட்டுரை போடு, கொப்பிப் பக்கத்தைப் படம் பிடிச்சு அடியில சான்றாக் குடு, பிறகு அச்செடு. கட்டுரை எழுதுறது எனக்குத் தண்ணி பட்ட பாடு. கஷ்டம் இணைக்கிறதிலதான். வரிக்குப் பக்கத்தில சின்னதா ஒரு இலக்கம் வரும், அதை அமத்தினா அடியில உள்ள சான்றுக்குப் போகும். அதுக்கு ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு பேர் வைக்க வேணுமாம். பிள்ளைக்குப் பேர் வைக்கவே ஏழு நாள் எடுக்கிற ஆக்கள் நாங்க. நான் ஏழு நிமிசத்தில வச்சன்.

கொப்பியில ரெண்டு பக்கம் முக்கியம். ஒண்டு சுனாமிக்கு முந்தி எழுதினது, வீடுகளுக்கு அடையாளம். மாமிட பேருக்கு நேர "மௌ. பின்" எண்டு கிடக்கும். மௌலவி வீட்டுக்குப் பின்னுக்கு எண்டு கருத்து. மற்றது பிந்தி எழுதினது. கடல் வந்து போன பிறகும் அந்த ஒழுங்கைக்கு கட்டாரில இரிந்தும் சவூதியில இரிந்தும் கடிதம் வந்து கொண்டேதான் இரிந்திச்சு. வாங்க ஆள் இல்லாத பேருக்கு நேர "மௌ." எண்டு போட்டுத் திருப்பி அனுப்புவன். மௌத்து எண்டா இறப்பு, அதை முழுசா எழுதக் கை வராது.

ரெண்டு சான்றுக்கும் நான் வச்ச பேர் "மௌ".

அந்த மெசினுக்கு மௌலவியும் ஒண்டு, மௌத்தும் ஒண்டு. ரெண்டுக்கும் மூணாம் இலக்கத்தைக் குடுத்து, மௌத்துப் பக்கத்தையே காட்டிச்சு. மறுநாள் எங்கயோ தூரத்தில இரிக்கிற ஒரு பயனர், சான்று மௌத்தானவங்கட பட்டியல் எண்டதை மட்டும் பார்த்து, ஆமினா உம்மாட பேருக்குப் பக்கத்தில "சுனாமியில் இறந்தவர்" எண்டு சேர்த்து வச்சிரிக்கான். நான் கவனிக்கல்ல. அச்செடுத்து, மாமியையும் கூட்டிக் கொண்டு கந்தோருக்குப் போனன்.

லிகிதர் சந்தோசமா வாசிச்சார். இப்பிடித்தான் வேணும் எண்டார். பிறகு கண்ணாடியைக் கழட்டி, மௌத்தான ஆளுக்கு வீடு குடுக்க ஏலாதே எண்டார். மாமி அவருக்கு முன்னால கதிரையில இரிக்கா. அடையாள அட்டையை நீட்டினா. அட்டையில உள்ள ஆள்தான் மௌத்து எண்டு இதில கிடக்கு, இலக்கமும் போட்டிரிக்கு எண்டார். என்ட கொப்பியை நம்பாத மனிசன், அதே கொப்பியை வச்சு மாமியை மௌத்தாக்கிப் போட்டார். மேசையைப் புரட்டியிரிப்பன், மாமிதான் கையில பிடிச்சு இழுத்துக் கொண்டு வந்தா.

ஷரிபுதீன்ட கடைக்கு ஓடிப் போய் அந்தச் சொல்லை வெட்டினன். அஞ்சு நிமிசத்தில பயனர் திருப்பிப் போட்டான்: சான்றுள்ள தகவலை நீக்க வேண்டாம். அவ எனக்குப் பக்கத்தில இரிந்து பிளேன்ரீ குடிக்கிறா எண்டு எழுதினன். சொந்த அனுபவம் சான்றாகாது எண்டு மரியாதையாப் பதில் வந்திச்சு. ஷரிபுதீன் வயித்தைப் பிடிச்சுக் கொண்டு சிரிச்சான். பிறகு பிழையைக் கண்டு பிடிச்சதும் அவன்தான். முதல் சான்றுட பேரை "மௌலவி" எண்டு மாத்தினம். இலக்கம் வேறாப் பிரிஞ்சிச்சு, மாமி உயிரோட ஹயாத்துக்கு வந்தா. பயனர் நன்றி கூடச் சொன்னான். அடுத்த நாள் புது அச்சைப் பார்த்து, லிகிதர் வீட்டுப் பட்டியல்ல அவட பேரை எழுதினார். கையாலதான் எழுதினார்.

வெளிய வந்து, தாளை விரிச்சு வாசிக்கச் சொன்னா மாமி. வாசிச்சன். மௌத்தானவங்கட பேரெல்லாம் கேட்டு முடிச்சிட்டு, "என்ட பாயிஸாட பேர் எங்க மகன்?" எண்டா.

பாயிஸா அவட மகள். பதினேழு வயசு. அண்டைக்குக் கடல் கொண்டு போனது, அடக்கம் செய்ய ஜனாஸா கிடைக்கவே இல்ல. என்ட பட்டியல் திருப்பி அனுப்பின கடிதங்கட பட்டியல். அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளும் ஒரு கடிதம் வந்ததில்ல. ஹயாத்தோட இரிந்த உம்மாவை மௌத்தாக்கின கொப்பியில, மௌத்தான மகளுக்கு ஒரு எழுத்தில்ல. எனக்கு வெக்கமாப் போயிட்டு.

திரும்பிப் போய் அந்தப் பேரைச் சேர்த்தன். விடியக்காலம் அச்செடுக்கக்குள்ள பயனர் வந்து போயிரிந்தான். பேருக்குப் பக்கத்தில ரெண்டு சொல்லைப் போட்டிரிந்தான். மாமி தாளை வாங்கி, அதில விரலை வச்சு இது என்ன எண்டு கேட்டா. எனக்குப் பொய் வரல்ல.

"சான்று தேவை எண்டு கேக்கிறாங்க, மாமி."

மாமி விரலை எடுக்கல்ல.

"அது எனக்கும் தேவைதான், மகன். அஞ்சு வருசமாத் தேடுறன்."